சட்டத்தில் 18, நடப்பில் இருபதரை

ஓட்டுப் போடும் வயது எதுவாக இருக்க வேண்டும் என்ற வாதம் எங்கே எழுந்தாலும் முதிர்ச்சி, பொறுப்பு, மூளை வளர்ச்சி என்றுதான் பேச்சு போகும். நான் கணக்கிலிருந்து தொடங்குகிறேன். மேல்நிலை வகுப்புகளுக்குக் கணக்கு எடுப்பது என் வேலை. சராசரி பற்றிய பாடம் வரும்போதெல்லாம் தேர்தலைத்தான் உதாரணமாகப் பலகையில் எழுதுவேன்.

ஒரு நாட்டில் ஐந்தாண்டுக்கு ஒரு பொதுத்தேர்தல் நடக்கிறது, வாக்குரிமை வயது 18 என்று வைத்துக்கொள்ளுங்கள். தேர்தலுக்கு முந்தின நாள் 18 நிறைந்தவர் 18 வயதிலேயே வாக்களித்துவிடுவார். தேர்தலுக்கு மறுநாள் 18 நிறைந்தவர் அடுத்த தேர்தல்வரை காத்திருக்க வேண்டும். அப்போது அவருக்கு 23 ஆகியிருக்கும், ஒரு நாள் குறைவாக. மற்ற எல்லோரும் இந்த இரண்டுக்கும் நடுவில் பரவிக் கிடப்பார்கள். ஆக, ஒருவர் தன் முதல் வாக்கைப் போடும் சராசரி வயது இருபதரை. வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க ஒரு கடைசித் தேதி இருக்கும்; அதையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும்.

இந்தக் கணக்கைப் போட்டதும் பிள்ளைகள் செய்கிற முதல் காரியம், தங்கள் பிறந்த தேதியை வைத்துப் பார்ப்பது. ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேரில் ஒருத்திக்கு 18 வயதிலேயே ஓட்டு. அவளைவிடச் சில வாரம் இளையவளுக்கு ஐந்து ஆண்டு கழித்து. கோடு என்று ஒன்றைப் போட்டால் யாராவது அதற்கு வெளியே நிற்கத்தான் வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கோட்டை எங்கே போடுவது என்று பேசும்போது நாம் ஒரு முனையை மட்டும்தான் பார்க்கிறோம். 16 வயதுப் பையன் ஒருவனை மனதில் நிறுத்தி, “இவனுக்கு ஓட்டா?” என்று கேட்கிறோம். படிப்பை முடித்து, வேலைக்குப் போய், வரியும் கட்டிக்கொண்டு, 22 வயதாகியும் நாட்டின் அரசைத் தேர்ந்தெடுக்க ஒரு தடவைகூட வாய்ப்புக் கிடைக்காத பெண்ணை யாரும் மனதில் நிறுத்துவதில்லை.

வாக்குரிமை வயதை 16 ஆக்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான். சட்டத்தில் 16 என்று எழுதினால் முதல் வாக்கு 16-க்கும் 21-க்கும் நடுவில் விழும். சராசரி பதினெட்டரை. 18 வயதில் குடிமக்கள் வாக்களிக்கத் தொடங்க வேண்டும் என்று நாம் உண்மையிலேயே நினைத்தால், ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் நடக்கும் நாட்டின் சட்டத்தில் எழுத வேண்டிய எண் 16.

“நடுவுல உள்ளாட்சித் தேர்தல் வருமே டீச்சர், அதுல போடலாமே?” என்று ஒரு மாணவி கேட்டாள். சரியான கேள்வி. பல நாடுகளில் வரும்தான். ஆனால் கல்விக் கடன், ராணுவம், வரி, வேலைவாய்ப்பு, பருவநிலைக் கொள்கை எல்லாம் எங்கே முடிவாகின்றனவோ அந்தத் தேர்தலைப் பற்றித்தான் நான் பேசுகிறேன். ஊர்ச் சாலைக்கு ஓட்டுப் போட்டுவிட்டாயே என்று சொல்லி, நாட்டைப் பற்றிய ஓட்டுக்கு இன்னும் நான்கு ஆண்டு பொறு என்பது சமாதானம் ஆகாது.

ஆஸ்திரியா 2007-ல் என்ன செய்தது என்று பாருங்கள். தேசியத் தேர்தலில் வாக்களிக்கும் வயதை 16 ஆகக் குறைத்த முதல் ஐரோப்பிய ஒன்றிய நாடு அது. அதே சீர்திருத்தத்தில் நாடாளுமன்றத்தின் பதவிக்காலத்தை நான்கிலிருந்து ஐந்து ஆண்டாகவும் நீட்டினார்கள். காலத்தை மட்டும் நீட்டி வயதை அப்படியே விட்டிருந்தால் முதல் வாக்கின் சராசரி வயது அரை ஆண்டு தள்ளிப் போயிருக்கும். இந்தக் கணக்கை மனதில் வைத்துத்தான் செய்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டும் ஒரே பொட்டலத்தில் வந்தது எனக்குப் பிடித்திருக்கிறது. பதவிக்காலத்தையும் வாக்கு வயதையும் சேர்த்தே பேச வேண்டும்.

இன்னொரு பக்கமிருந்தும் பார்க்கலாம். தேர்தல் நாளில் 16 நிறைந்த ஒருவர், அந்த ஐந்தாண்டில் மூன்று ஆண்டைச் சட்டப்படி முழு வயதினராகக் கழிக்கப் போகிறார். அவர் கல்லூரியில் சேர்வதும், கடன் வாங்குவதும், முதல் வேலை தேடுவதும் அந்த ஆட்சியின் கீழ்தான். ஓட்டு என்பது தேர்தல் நாளுக்காகப் போடுவதில்லை, அதற்குப் பின் வரும் ஆண்டுகளுக்காகப் போடுவது. அந்த ஆண்டுகளில் பாதிக்கு மேல் வளர்ந்தவராக வாழப்போகிறவரை, அன்றைக்கு அவருக்கு என்ன வயது என்று மட்டும் பார்த்து விலக்கி வைப்பது நியாயமாகப் படவில்லை.

18 என்ற எண் எங்கிருந்து வந்தது என்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். அது அறிவியல் கண்டுபிடித்த எண் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் பெரும்பாலான ஜனநாயக நாடுகளில் 21-தான் எல்லை. பிரிட்டன் 1969-ல் சட்டம் இயற்றி 18 ஆக்கியது. அமெரிக்கா 1971-ல், இந்தியா 61-வது அரசியல் சட்டத் திருத்தத்தின் மூலம் 1989-ல், ஜப்பான் 20-ஆக இருந்ததை 2016-ல், மலேசியா 21-ஆக இருந்ததைக் குறைக்க 2019-ல் திருத்தம் நிறைவேற்றி. சிங்கப்பூரில் இன்றும் 21. இத்தாலியில் கீழவைக்கு 18 வயதில் வாக்களிக்கலாம், மேலவைக்கு 25 ஆக வேண்டும் என்ற நிலை 2021 வரை நீடித்தது. ஒரே ஆள், ஒரே நாள், ஒரே வாக்குச்சாவடி. ஒரு வாக்குச்சீட்டுக்குத் தகுதி உண்டு, இன்னொன்றுக்கு இல்லை. இந்தோனேசியாவில் 17, திருமணம் ஆகியிருந்தால் அதற்குக் குறைந்த வயதிலும் வாக்கு உண்டு. ஈரான் எதிர்த்திசையில் போய் 2007-ல் 15-லிருந்து 18-க்கு உயர்த்தியது.

இந்த வரலாற்றில் என்னை அதிகமாக உறுத்துவது 1918 பிரிட்டன். பெண்களுக்கு நாடாளுமன்ற வாக்குரிமை அங்கே முதல்முறையாக வந்த ஆண்டு. ஆண்களுக்கு 21, போர்ப் பணியில் இருந்த ஆண்களுக்கு 19 போதும். பெண்களுக்கு 30, அதோடு சொத்து நிபந்தனையும். போரில் லட்சக்கணக்கான ஆண்கள் மடிந்திருந்தார்கள். 21 வயதுப் பெண்களையும் சேர்த்துவிட்டால் வாக்காளர்களில் பெண்களே பெரும்பான்மையாகிவிடுவார்கள் என்ற பயம்தான் அந்த 30-க்குப் பின்னால் இருந்தது. ஆயுதத் தொழிற்சாலைகளில் வெடிமருந்தோடு மல்லுக்கட்டிய இளம்பெண்கள் அத்தனை பேரும் வெளியே நின்றார்கள். சமமான வயது கிடைக்க 1928 ஆயிற்று. வயது வரம்பு என்பது முதிர்ச்சியை அளக்கிற கருவி என்று யாராவது சொல்லும்போது இந்த 30 எனக்கு நினைவுக்கு வரும்.

அமெரிக்கக் கதை வேறு மாதிரி. இரண்டாம் உலகப்போரின்போது, 1942-ல், கட்டாய ராணுவச் சேவைக்கான வயதை 18 ஆகக் குறைத்தார்கள். சண்டைக்கு அனுப்பும் வயது வந்தவனுக்கு ஓட்டுப் போடும் வயது வரவில்லையா என்ற முழக்கம் அப்போது எழுந்தது. ஜார்ஜியா மாநிலம் 1943-லேயே 18 ஆக்கியது. நாடு முழுக்க வருவதற்கு வியட்நாம் போர் வரை போக வேண்டியிருந்தது. 1970-ல் அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸ் நிறைவேற்றிய ஒரே சட்டத்தில் இரண்டு விஷயங்கள் இருந்தன: வாக்காளருக்கு எழுத்தறிவுத் தேர்வு வைப்பதற்கு நாடு முழுதும் தடை, 18 வயதில் வாக்குரிமை. உச்ச நீதிமன்றம் முதலாவதை ஏற்றுக்கொண்டது. இரண்டாவது கூட்டாட்சித் தேர்தல்களுக்கு மட்டுமே செல்லும், மாநிலத் தேர்தல்களுக்குச் செல்லாது என்றது. மாநிலங்கள் இரண்டு வாக்காளர் பட்டியல் வைத்துக்கொண்டு திண்டாட வேண்டிய நிலை. 1971 மார்ச்சில் காங்கிரஸ் அனுப்பிய அரசியல் சட்டத் திருத்தத்தை ஜூலை முதல் தேதிக்குள் தேவையான மாநிலங்கள் அங்கீகரித்துவிட்டன. அந்த நாட்டின் வரலாற்றில் அவ்வளவு வேகமாக வேறு எந்தத் திருத்தமும் நிறைவேறியதில்லை.

துப்பாக்கி தூக்கினால் ஓட்டு என்ற வாதம் எனக்கு முழுதாக உடன்பாடில்லை. அப்படிப் பார்த்தால் ஓட்டு ஒரு கூலி ஆகிவிடும். 1918-ல் பிரிட்டனில் போர்ப் பணியில் இருந்த ஆண்களுக்கு மட்டும் 19 போதும் என்றதும் ஏறக்குறைய அந்த நினைப்புதான். ஆனால் எழுத்தறிவுத் தேர்வைத் தடை செய்ததும் வயதைக் குறைத்ததும் ஒரே சட்டத்தில் வந்ததில் பெரிய பொருத்தம் இருக்கிறது. தென் மாநிலங்களில் கறுப்பின மக்களை ஓட்டுச்சாவடிக்குள் விடாமல் தடுக்கப் பயன்பட்டது அந்தத் தேர்வு. வளர்ந்தவர்களுக்கு அறிவுத் தேர்வு வைப்பது அநீதி என்று உலகம் கற்றுக்கொண்டுவிட்டது. அரசியல் சட்டத்தைப் பற்றி ஒரு வரிகூடத் தெரியாத 50 வயதுக்காரரிடம் யாரும் கேள்வி கேட்பதில்லை, கேட்கவும் கூடாது. 16 வயதுக்காரர்களிடம் மட்டும் “உனக்கு என்ன தெரியும்?” என்று கேட்கிறோம்.

சரி, மூளைக்கு வருவோம். உளவியலாளர் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் வளரிளம் பருவத்தினரைப் பற்றிப் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவருபவர். அவர் இரண்டு வகை யோசனைகளைப் பிரித்துக் காட்டுகிறார். அவசரமில்லாமல், விஷயங்களை எடைபோட்டு, பிறரோடு கலந்து பேசி முடிவெடுப்பது ஒன்று. கோபத்திலோ உற்சாகத்திலோ, நண்பர்கள் சூழ்ந்து நிற்க, அந்தக் கணத்தில் முடிவெடுப்பது இன்னொன்று. முதல் வகைத் திறன் 16 வயதுவாக்கில் வளர்ந்தவர்களுக்குச் சமமாகிவிடுகிறது. இரண்டாவது முழுதாக நிலைபெற இருபது தாண்ட வேண்டியிருக்கிறது. வாக்களிப்பது முதல் வகை. பல வாரம் பிரச்சாரம், வீட்டில் பேச்சு, பிறகு மறைப்புக்குப் பின்னால் தனியாக ஒரு முத்திரை.

இதில் ஒரு கனமான எதிர்வாதம் இருக்கிறது, அதைத் தட்டிக்கழிக்க எனக்கு மனமில்லை. 16 வயதில் ஓட்டுப் போடும் அளவுக்கு விவரம் வந்துவிட்டது என்றால் குற்றம் செய்த 16 வயதுப் பிள்ளையைப் பெரியவர்களைப்போலத் தண்டிக்கலாமே என்று கேட்பார்கள். உரிமை கொடுக்கிற கையாலேயே பாதுகாப்பைப் பறித்துவிடுவார்களோ என்று நானும் பயப்படுகிறேன். ஆனால் மேலே சொன்ன பிரிவே இதற்குப் பதில் தருகிறது. இளம் வயதுக் குற்றங்களில் பெரும்பாலானவை இரண்டாவது வகை யோசனையில், கூட்டாளிகளின் உந்துதலில் நடப்பவை. இரண்டுக்கும் இரண்டு வயது வைப்பதில் முரண்பாடு இல்லை. ஏற்கெனவே வாகனம் ஓட்ட ஒரு வயது, திருமணத்துக்கு ஒரு வயது, தேர்தலில் வேட்பாளராக நிற்க ஒரு வயது என்று சட்டம் தனித்தனியாகத்தானே வைத்திருக்கிறது? ஆஸ்திரியாவிலேயே வாக்களிக்க 16 என்றாலும் நாடாளுமன்றத்துக்குப் போட்டியிட 18 ஆக வேண்டும்.

நடைமுறையில் என்ன ஆயிற்று என்று பார்த்தால் ஸ்காட்லாந்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2014 செப்டம்பரில் சுதந்திரம் குறித்த பொதுவாக்கெடுப்பில் 16, 17 வயதினருக்கு வாக்கு கொடுத்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் பதிவு செய்துகொண்டார்கள். பிறகு தேர்தல் ஆணையம் நடத்திய ஆய்வில் அந்த வயதினரில் 75 சதவீதம் பேர் வாக்களித்ததாகச் சொன்னார்கள். 18 முதல் 24 வரை உள்ளவர்களில் அப்படிச் சொன்னவர்கள் 54 சதவீதம். இது வாயால் சொன்ன கணக்கு, வாக்குச்சாவடிப் பதிவேடு இல்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும். ஆனால் ஆஸ்திரியாவின் வியன்னா, கிரெம்ஸ் நகரங்களில் வாக்காளர் பட்டியல்களையே வைத்து ஆராய்ந்தபோதும், 16, 17 வயதினர் 18 முதல் 20 வயது வரை உள்ளவர்களைவிட அதிகமாக வாக்களித்தது தெரிந்தது.

காரணம் எளிது. 18, 19 என்பது பலருக்கும் வீட்டை விட்டு வெளியேறும் வயது. படிப்போ வேலையோ வேறு ஊரில். பெயர் இருப்பதோ பழைய விலாசத்தில். அந்த வேட்பாளர் யார், அந்தச் சாவடி எங்கே என்றே தெரியாது. அரசியல் அறிவியலாளர் மார்க் ஃபிராங்க்ளின், 21-லிருந்து 18-க்குக் குறைத்தது பல நாடுகளில் வாக்குப்பதிவைக் குறைத்தது என்று வாதிட்டிருக்கிறார். முதல் தேர்தல் வாழ்க்கையின் மிகவும் நிலையற்ற காலத்தில் வந்து விழுந்துவிட்டது என்பதே அவர் சொல்லும் காரணம். இதை வயதைக் குறைப்பதற்கு எதிராகப் பலர் எடுத்துக் காட்டுவார்கள். எனக்கு இது 16-க்கு ஆதரவாகவே தெரிகிறது. 16-ல் பிள்ளை வீட்டில் இருக்கிறான், பள்ளியில் இருக்கிறான். எப்படிப் பதிவு செய்வது, சாவடியில் என்ன நடக்கும் என்று சொல்லித்தர அவனைச் சுற்றி ஆள் இருக்கிறது. முதல் இரண்டு மூன்று தேர்தல்களில் போட்டுப் பழகியவர் பிறகும் போடுவார், விட்டுப் பழகியவர் பிறகும் விடுவார்.

எல்லா முடிவுகளும் என் பக்கம் இல்லை. நார்வே 2011 உள்ளாட்சித் தேர்தலில் 20 நகராட்சிகளில் மட்டும் 16 வயதினருக்கு வாக்கு கொடுத்துச் சோதித்தது. ஓட்டுக் கொடுத்தாலே அரசியல் ஆர்வம் தானாக வளர்ந்துவிடும் என்ற எதிர்பார்ப்பு அங்கே பலிக்கவில்லை. வாக்குரிமை இருந்த பிள்ளைகளுக்கும் இல்லாத பிள்ளைகளுக்கும் அரசியல் முதிர்ச்சியில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மற்றொரு பக்கம், ஆஸ்திரியாவில் 2009 ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலை ஒட்டி நடந்த ஆய்வில், தங்கள் கருத்துக்குப் பொருந்தும் கட்சியைத் தேர்ந்தெடுப்பதில் 18-க்குக் கீழ் உள்ளவர்கள் பெரியவர்களைவிடப் பின்தங்கவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், வாக்குரிமை மட்டும் பிள்ளைகளை மாற்றிவிடாது, ஆனால் அவர்கள் கையில் அது வீணாகவும் போகாது என்பதே என் முடிவு.

என் வகுப்பில் இந்தப் பேச்சு வரும்போது, வயதைக் குறைக்க வேண்டாம் என்று வாதாடும் பிள்ளைகள் நிறைய. “எனக்கு வேணாம் டீச்சர், நான் இன்னும் எதையும் சரியாப் படிக்கல” என்று ஒரு பையன் சொன்னான். மனதாரச் சொன்னான். அவன் போட வேண்டாம். பிரேசிலில் 1988 அரசியல் சட்டம் இதை அழகாகத் தீர்த்து வைத்திருக்கிறது: 18 முதல் 70 வரை வாக்களிப்பது கட்டாயம், 16, 17 வயதினருக்கு விருப்பம். அர்ஜென்டினாவும் 2012-ல் 16 வயதினருக்கு வாக்குரிமை கொடுத்தபோது, போடாவிட்டால் தண்டனை இல்லை என்று விட்டுவிட்டது. தயாராக இருக்கிற பெண்ணை, தயாராக இல்லாத பையனைக் காட்டித் தடுக்காமல் இருந்தால் போதும்.

பெற்றோர் சொல்கிறபடி பிள்ளைகள் போடுவார்கள் என்பார்கள். மனைவி கணவன் சொல்படி போடுவாள் என்று பெண்களுக்கு எதிராகச் சொன்ன அதே வாக்கியம். வாக்கு ரகசியமானது, அதற்கு மேல் இதில் பேச எனக்கு ஒன்றுமில்லை. என் கவலை பெற்றோரைவிட ஆசிரியர்களைப் பற்றியது. ஒரு கணக்கு டீச்சர் பாடத்துக்கு நடுவே சிரித்துக்கொண்டே ஒரு கட்சியைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போகிற ஒற்றை வரி, உள்மதிப்பெண் போடுகிற கையிலிருந்து வரும்போது எவ்வளவு எடையாக இறங்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் 16 வரும் இடத்தில் இதற்கும் சேர்த்து விதி வர வேண்டும். ஜெர்மனியில் 1976-ல் பாய்டெல்ஸ்பாக் என்ற ஊரில் கல்வியாளர்கள் கூடி வகுத்த கொள்கை ஒன்று இருக்கிறது. ஆசிரியர் தன் கருத்தை மாணவர்மேல் திணிக்கக் கூடாது. வெளியே சர்ச்சையாக இருப்பதை வகுப்பிலும் சர்ச்சையாகவே வைக்க வேண்டும். தன் நலன் எதில் இருக்கிறது என்று மாணவரே ஆராய்ந்து அறியும் திறனை வளர்க்க வேண்டும். அங்கே 2024 ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் 16 வயதினர் வாக்களித்தபோது, பள்ளிகளுக்கு இந்த மரபு ஏற்கெனவே கைவசம் இருந்தது. வேட்பாளர்களைப் பள்ளிக்குள் அழைத்தால் எல்லாத் தரப்பையும் அழைக்க வேண்டும், இல்லையேல் ஒருவரும் வேண்டாம். ஆசிரியர் தன் ஓட்டு யாருக்கு என்று சொல்லவே கூடாது. இதில் எனக்குத் தளர்வு கிடையாது.

“அப்போ ஏன் 14 இல்ல?” என்பது அடுத்த கேள்வி. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் அரசியல் பேராசிரியராக இருந்த டேவிட் ரன்சிமன் 6 வயதிலேயே கொடுக்கலாம் என்று சொன்னவர். முதியோர் எண்ணிக்கை பெருகும் நாடுகளில் இளையோரின் நலன் அமுங்கிப் போகிறது என்ற அவருடைய கவலை எனக்கும் உண்டு. ஆனால் 14-க்கு நான் போகமாட்டேன். நிதானமான யோசனை வளர்ந்தவர்களுக்குச் சமமாகும் வயது அது இல்லை என்பது ஒன்று. என் கணக்கும் அங்கே உதவாது என்பது இன்னொன்று: ஐந்தாண்டு நாட்டில் 14 என்று வைத்தால் சராசரி பதினாறரைக்கு இறங்கிவிடும். நான் கேட்பது, 18 என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட அந்த வயதில் முதல் வாக்கு உண்மையிலேயே விழ வேண்டும் என்பது மட்டும்தான்.

அதே கணக்கு என் பக்கத்தையும் கட்டுப்படுத்துகிறது. நியூசிலாந்தில் 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம், 18 என்ற வரம்பு 16, 17 வயதினருக்கு எதிரான பாகுபாடு, அதற்கு அரசு நியாயம் காட்டவில்லை என்று அறிவித்தது. எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அங்கே மூன்றாண்டுக்கு ஒருமுறை தேர்தல். 18 வைத்தால் சராசரி பத்தொன்பதரை. 17 வைத்தாலே பதினெட்டரை வந்துவிடும். மூன்றாண்டு நாட்டில் 17 என்று ஒருவர் வாதாடினால் நான் ஒப்புக்கொள்வேன். நான்காண்டு நாட்டில் அதே சராசரி வர, சட்டத்தில் பதினாறரை என்று எழுத வேண்டும். பிரிட்டிஷ் அரசு எல்லாத் தேர்தல்களுக்கும் 16 கொண்டுவரப்போவதாக 2025 ஜூலையில் அறிவித்தது. அங்கே பதவிக்காலம் அதிகபட்சம் ஐந்தாண்டு, ஆகவே அந்த எண் அங்கே பொருந்துகிறது. ஐந்தாண்டு நாட்டில் 17-க்கு நான் சம்மதிக்க மாட்டேன். பதினொன்றாம் வகுப்பில் 16 நிறைந்ததும் பள்ளியிலேயே பட்டியலில் பெயர் ஏறிவிட வேண்டும். பள்ளி முடியும் கோடைக்குப் பிறகு பாதிப்பேர் எந்த விலாசத்தில் இருப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது.